என்ன ஏத்தின வண்டி?

பழைய பிக்கப்பைப் பார்க்கப் போவதென்றால் விடியும் முன்னே போய் நிற்க வேண்டும் என்பார் என் தாய்மாமா. பாலக்கோட்டிலிருந்து முப்பது வருடம் தக்காளி லோடு அடித்தவர். விற்கிறவர் எழுந்து என்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைப்பதற்குள் போய், பானட்டைத் தூக்கி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. வெதுவெதுப்பு தட்டினால் "நாளைக்கு வரேங்க" என்று டீ கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார். டீசல் என்ஜினின் சீக்கெல்லாம் குளிரில்தான் வெளியே வரும். சூடேறிவிட்டால் எல்லா வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும்.

1990களில் பள்ளி விடுமுறை நாட்களில் அவரோடு சுற்றியவன் நான். அப்போது எங்கள் பக்கம் ஓடியவை மேட்டடார், டாடா 207, கொஞ்சம் வசதியானவர்களிடம் 407. ஊருக்கு இரண்டோ மூன்றோ வண்டிதான். எந்த வண்டி யாருடையது, எந்த வருடம் என்ஜின் இறக்கினார்கள், எந்த வளைவில் கவிழ்ந்தது என்பதெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் விலை பேசத் தொடங்கும்போது மாமா கேட்கும் முதல் கேள்வி வருடமும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை. "என்ன ஏத்தின வண்டிங்க?"

அந்த ஒரு கேள்விக்குள் பாதி விலை அடங்கிவிடும். பால் கேன் எடுத்த வண்டி என்றால் தினமும் ஒரே பாதை, ஒரே எடை, ஒரே டிரைவர், தைரியமாக வாங்கலாம். பூ ஏற்றிய வண்டிக்குச் சுமை கிடையாது. ஆனால் விடியற்காலை சந்தையைப் பிடிக்க இரவெல்லாம் விரட்டியிருப்பார்கள். கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். செங்கல், ஜல்லி அடித்த வண்டியென்றால் சேஸிஸுக்கு அடியில் படுத்துத்தான் ஆக வேண்டும். தக்காளி ஏற்றிய வண்டியில் தொட்டியின் தரைத் தகடு முதலில் போகும். நசுங்கிய பழத்தின் புளிப்புத் தண்ணீர் இடுக்கில் இறங்கி, பெயின்டைத் தின்று, இரும்பை மாவாக்கிவிடும். கடலோர நம்பர் வண்டி மலிவாக வந்தால் மாமா நெருங்கவே மாட்டார். மீன் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் தகடோடு நிற்காது, சேஸிஸையும் அரித்துவிடும் என்பார்.

பிறகு சோதனை தொடங்கும். ஸ்டார்ட் செய்ததும் புகை. கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் போகிறது, பம்ப் வேலை. அது சின்னச் செலவு. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, என்ஜின் இறக்க வேண்டும்; அந்தச் செலவை விலையிலேயே கழிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயில் உள்ளங்கையைக் காட்டுவார். காற்று குபுகுபுவென்று முட்டினால் ரிங் தேய்ந்திருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங் பட்டாவை எண்ணுவார். கம்பெனி கொடுத்ததைவிட ஓர் இலை கூடுதலாக இருந்தால், தாங்காத சுமையை ஏற்றிப் பழகிய வண்டி அது. கடைசியாகத் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறக்கிப் பார்ப்பார். இறக்கத்தில் காலை எடுத்ததும் இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்கு விழுந்தால் அந்த வண்டியை அங்கேயே மறந்துவிட வேண்டியதுதான். அந்தச் சரிவில் கியர் பிடிக்காத வண்டி என்ன செய்யும் என்பதைத் தர்மபுரிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விலை பேசுவது மட்டும் மாட்டுச் சந்தை வழக்கம். பென்னாகரம் பக்கத்தில் ஆலம்பாடி மாடுகளைப் பல் பிடித்து வயது சொன்ன தரகர்களில் சிலர்தான் பிறகு வண்டித் தரகுக்கும் வந்தார்கள். தோள் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அழுத்திய விரல்கள் எத்தனையோ அத்தனை ஆயிரம். அப்படி ஒரு 207 கைமாறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பணம்தான் பெரும்பாடு. பழைய வண்டிக்குக் கடன் கேட்டால் வங்கியில் அந்தக் காலத்தில் எளிதில் கொடுக்க மாட்டார்கள். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் 1979-இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் தொடங்கப்பட்டது. பழைய லாரியை நம்பிப் பிழைக்கிறவனுக்கும் கடன் கொடுக்கலாம், அவன் கட்டுவான் என்று நம்பியவர் ஆர். தியாகராஜன். பழைய வண்டிக்குக் கடன் கொடுக்க வேண்டுமானால் முதலில் அதன் மதிப்பு தெரிந்திருக்க வேண்டும். கையாலும் காதாலும் மாமா போட்ட கணக்கை ஒரு கம்பெனி தன் தொழிலாகவே எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றும்.

2005-இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, விலை சுமார் இரண்டே கால் லட்சம். எங்கள் ஊர் வைத்த பெயர் குட்டியானை. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன் ஏற்றுகிற வண்டி. அது உருவான ஓசூர் 2004 வரை எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி பிரிந்தபோது அங்கே போனது. ஒன்றேகால் டன் என்றால் 25 கிலோ தக்காளி கிரேட் ஐம்பது. காரிமங்கலத்துக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவே எண்பது ஏற்றிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். தெருவுக்கு ஒரு வண்டி என்றானது. யார் வண்டி, என்ன ஏற்றியது என்று டீக்கடை சொன்ன காலம் அதோடு முடிந்தது.

இன்று வண்டி போனில் வருகிறது. வருடம், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், பளபளவென்று எட்டுப் படங்கள். மீட்டரைத் திருப்பி வைப்பது சின்ன வேலை என்பதால் கிலோமீட்டரை நான் நம்புவதில்லை. தேய்ந்த கிளட்ச் பெடல் ரப்பர் அதைவிட உண்மை பேசும். டவுனில் ஆட்டோ கன்சல்டிங் போர்டுகள் வரிசையாக நிற்கின்றன. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்கிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். பதிவு செய்தவரா என்று கேட்டு வாங்குகிறவர் இன்னும் குறைவு.

விலையே இப்போது இரும்பிலிருந்து காகிதத்துக்கு நகர்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் அட்டவணையைப் பாருங்கள். ஷோரூம் விலையில் ஒரு வருடத்துக்குள் 15 சதவீதம் கழிப்பார்கள், இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. புதுசு 8 லட்சம் என்றால் ஐந்தாம் வருடம் 4 லட்சம். ஐந்து முடிந்தால் அட்டவணையில் எண்ணே கிடையாது. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. விவசாயி வாங்குவதோ ஐந்து வயதைத் தாண்டிய வண்டியைத்தான். அவருக்கு அந்த அட்டவணையால் பயனில்லை.

அடுத்த படி எட்டாம் வயதில். அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று; அதன்பின் வருடா வருடம். பெயின்ட், வெல்டிங், டயர், ஒளிரும் ஸ்டிக்கர் என்று ஒவ்வொரு எஃப்.சி.க்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், எஃப்.சி. முடிந்த வண்டிக்கும் முடியாத வண்டிக்கும் விலை ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பது புரியும். பதினைந்து வயதானால் எஃப்.சி. கட்டணமே பல மடங்கு. 2022 ஏப்ரலில் உயர்த்தினார்கள். பழைய இரும்புக்குக் கொடுக்கலாம் என்றால் 2021-இல் வந்த அரசுக் கொள்கை சொல்கிற மதிப்பு, புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம். மாமாவின் 207 பதினெட்டு வருடம் ஓடியது. இன்று அதே வண்டியை அத்தனை காலம் வைத்திருக்கக் கட்டுப்படியாகாது.

எங்கோ எடுக்கும் முடிவு எங்கள் வாசலில் நிற்கும் வண்டியின் விலையை ஒரே நாளில் மாற்றிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரியோடு 10 லட்சம் விற்ற புது வண்டி ஏறத்தாழ 78,000 ரூபாய் இறங்கியது. அதற்கு முந்தைய வாரம் பழைய வண்டி வாங்கியவர் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வார்? 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகை விதி இதற்கு நேர்மாறாக வேலை செய்தது. சென்சாரும் புகை வடிகட்டியும் வைத்த என்ஜினை மரத்தடி மெக்கானிக் திறக்கத் தயங்குகிறார். ஸ்பேனரால் சரிசெய்ய முடிந்த பழைய பம்ப் வண்டியைத் தேடி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து மலிவாக வருகிற கே.ஏ. நம்பர் வண்டிக்கு என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டு வரியும் சேர்த்தால் மலிவு காணாமல் போகும்.

விற்கிறவருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தோடு போகிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் சாகவில்லை. நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. 2007-இல் விற்று, பல கை மாறிய வண்டி 2009-இல் விபத்துக்குள்ளானது. ஆர்.சி.யில் பெயர் மாறவே இல்லை. இழப்பீடு கட்ட வேண்டியவர் பதிவில் இருக்கும் உரிமையாளரே என்றது நீதிமன்றம். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி விற்ற வண்டிக்காக ஒரு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார். பெயர் மாறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சென்ற மாதம் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவருக்காக ஒரு பிக்கப் பார்க்கப் போனேன். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. வற்புறுத்திக் கூட வந்தார். 2016 வண்டி. "சொந்த உபயோகம், ஒரே ஓனர், லோடே அடிக்கல" என்று போனில் எழுதியிருந்தது. காகிதங்களை நான் பார்த்தேன். எஃப்.சி. நடப்பில், இன்சூரன்ஸ் நடப்பில், கடன் நீக்கியாகிவிட்டது, அபராதம் எதுவும் பாக்கியில்லை. என்ஜின் ஜில்லென்று இருந்தது, புகையும் சுத்தம். விற்கிறவர் நாலே கால் லட்சம் சொன்னார். நானாக இருந்தால் நாலில் முடித்திருப்பேன்.

மாமா பேசவில்லை. தொட்டியில் ஏறி உட்கார்ந்தார். புதுப் பெயின்ட் அடித்த தரையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், டிரைவர் கேபினை ஒட்டிய மூலையில் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து இடுக்கில் விட்டு நெம்பினார். பெயின்ட் ஒரு செதிலாகப் பெயர்ந்து வந்தது. அடியில் துருப்பொடி. அந்தப் பொடியில் காய்ந்து ஒட்டிய நாலைந்து சின்ன விதைகள். உள்ளங்கையில் கொட்டி விற்கிறவரிடம் நீட்டினார்.

"தக்காளி ஏத்தின வண்டிங்க. மூணு நாப்பது."