அம்மாவின் சேலைப் போர்வை

தங்கவயல் குழாய்த் தண்ணீரில் வளர்ந்த நம்மவர்க்கு, பாலாற்றுத் தண்ணீர் தேங்கும் பேத்தமங்களா ஏரியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஊரில்தான் என் கைவேலை வாரம் ஓடுகிறது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின் பெங்களூர் ரயில்தான் பலருக்குப் பிழைப்பு. என் மகனுக்கும் அதுவே. விடியற்குளிருக்கு அவனுக்கொரு போர்வை வேண்டுமே! அப்பா சாம்பியன் ரீஃபில் வேலைக்கு இறங்கிய நாளில் அம்மா கட்டிய நூல் சேலைகள் நான்கை அடுக்கித் தைக்கிறேன்.

வெறும் ஓட்டுத்தையல்தான். ஆனால் வரிகள் விரற்கடை அளவில் நெருங்க வேண்டும்; இல்லாவிட்டால் துவைக்கையில் உள்துணி சுருண்டுவிடும். புதனன்று கண் வலித்ததால் குடைக்கம்பி கட்டினேன். வெள்ளியன்று ஏரிக்கரையில் புங்கங்காய் பொறுக்கி விதை போட்டேன்.

சிவப்புக் கரைச் சேலையை வெட்டக் கை வரவில்லை. முழுதாகவே மேலே வைத்துவிட்டேன்; போர்வை கொஞ்சம் நீளம்தான்.