இழந்த விரலின் கணக்கு

பொறியில் அகப்பட்டு ஒரு தொழிலாளி பெருவிரலை இழந்துவிடுகிறான். அவனுக்குச் சேரவேண்டிய நட்டஈடு எவ்வளவு? முதலாளி இரங்கிக் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வதே முறை என எண்ணுவார் பலர். அவ்வாறன்று. அது கணக்கிட்டுப் பெறவேண்டிய தொகை. அக்கணக்கும் வீதக் கணக்குப் படித்த மாணாக்கன் எவனும் செய்யத்தக்கதே.

முன்னாளில் ஆங்கிலச் சட்டப்படி முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பித்தாலன்றித் தொழிலாளிக்கு ஒன்றுங் கிடையாது. 1897இல் பிரித்தானியாவில் இயற்றப்பட்ட சட்டம் அந்நிலையை மாற்றிற்று. வேலையின் நிமித்தம், வேலை நடக்கும்போது நேர்ந்த விபத்தா என்பதே முதல் வினாவாயிற்று. இக்கொள்கையை இந்தியா 1923ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இலங்கை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தாலும் ஏற்றுக்கொண்டன.

கணக்கின் அடிப்படை இதுதான். ஒருவன் எவ்வேலையுஞ் செய்யவியலாதவாறு என்றென்றைக்கும் முடங்கிவிட்டால் அவனுக்கு எவ்வளவு உரியது? அது முழுத்தொகை. ஓர் உறுப்பை மட்டும் இழந்தவனுக்கு அம்முழுத்தொகையில் ஒரு பங்கு. எந்த உறுப்புக்கு எத்தனை வீதம் என்பதைச் சட்டத்தின் அட்டவணை கூறும்.

இந்தியச் சட்டத்தின் பழைய எண்களையே எடுத்துக்கொள்வோம், எளிதில் விளங்கும். 1923இல் வயதுவந்த தொழிலாளிக்கு முழுத்தொகை 42 மாதச் சம்பளம்; 3,500 ரூபாவுக்கு மேற்படலாகாது. மாதம் 30 ரூபா பெற்றவனுக்கு அது 1,260 ரூபா. பெருவிரலுக்கு நூற்றுக்கு 25. ஆகவே 315 ரூபா. சுட்டுவிரலுக்கு நூற்றுக்கு 10. ஆகவே 126 ரூபா. ஒரே விபத்தில் இரண்டும் போயின் வீதங்களைக் கூட்டவேண்டும்: 35 வீதம், 441 ரூபா. எத்தனை காயங்களைக் கூட்டினாலும் முழுத்தொகையைத் தாண்டுதல் இயலாது.

அவ்வட்டவணையில் முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கை இழந்தால் 70 வீதம், இடக்கை இழந்தால் 60 வீதம். இடக்கைப் பழக்கமுள்ளவனைச் சட்டம் இயற்றியோர் நினைந்திலர் போலும்! அட்டவணை ஆளைப் பாராது, உறுப்பையே பார்க்கும். அச்சுக்கோப்பவனின் சுட்டுவிரலும் காவற்காரனின் சுட்டுவிரலும் அதற்கு ஒன்றே. இது குறைதான், எனினும் ஒவ்வொரு விரலுக்கும் வழக்காடிக்கொண்டிருப்பதினும் இது மேல் என்பது என் எண்ணம்.

உறுப்பு அறுபட்டால்தான் நட்டஈடு உண்டு என்பது பரவலாக உள்ள ஒரு தப்பெண்ணம். விரல் கையோடிருந்தும் அதன் பயன் முற்றாகவும் நிரந்தரமாகவும் அற்றுப்போயின், அவ்விரலை இழந்ததாகவே கொள்வதென 1923ஆம் ஆண்டு அட்டவணையிலேயே குறிக்கப்பட்டிருந்தது. அட்டவணையிற் காணப்படாத காயமாயின், உழைக்கும் ஆற்றல் நிரந்தரமாக எத்துணை குறைந்தது என்பதைக் கொண்டே வீதம் நிர்ணயிக்கப்படும். ஆகவே, “காயம் ஆறிற்று” என்று மட்டும் எழுதிய வைத்தியச் சான்றிதழ் போதாது. எதைப் பிடிக்க முடியவில்லை, எதைத் தூக்க முடியவில்லை என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இலங்கைச் சட்டத்தில் முழுத்தொகை, சம்பள வகுப்புக்கேற்ப வேறோர் அட்டவணையில் தரப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்சவரம்பை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தியது; வேலைக்குச் செல்லும் வழியிலும் மீளும் வழியிலும் நேரும் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது.

சம்பளம் எவ்வளவு என்பதிலேதான் பெரும்பாலும் பிணக்கு எழும். அடிப்படைச் சம்பளத்தை மட்டுங் காட்டுவது வழக்கம். ஆனால், பணமாக மதிப்பிடத்தக்க ஏனைய நன்மைகளும் சம்பளத்தோடு எண்ணப்படும்; பயணப்படி எண்ணப்படாது. கீழ் வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு ஒருவனை ஏற்றிவிட இச்சிறு வேறுபாடே போதும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தாதவன் இங்கேதான் தோற்கிறான்.

இன்னுமொன்று. மருத்துவமனைக் கட்டிலிலே ஒரு சிறு தொகையைக் கொடுத்து, “இனி எவ்வுரிமையுங் கோரேன்” என்று கையொப்பம் வாங்குவாருளர். உரிமையைக் கைவிடும் அத்தகைய உடன்படிக்கை சட்டத்தின்முன் செல்லாது. ஒப்பமிட்டுவிட்டவனும் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம்.