கெட்டிமேளத்துக்கு இருபது நொடி தாமதம்

வைகாசி முகூர்த்தம். காலை 6.40. மணமேடையில் புரோகிதர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டப்போகிறார். நாயனக்காரரும் தவில்காரரும் அந்த விரலையே பார்த்தபடி இருக்கிறார்கள். மேடைக்குப் பக்கவாட்டில், மடக்கு மேஜையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞரும் அப்படியே. டொரன்டோவில் அப்போது முந்தைய நாள் இரவு 9.10. மணப்பெண்ணின் சித்தி அங்கே டிவி முன்னால் கையில் அட்சதையோடு காத்திருக்கிறார்.

‘லைவ்’ என்று கல்யாணப் பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சிடும் காலம் இது. 2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது, வெளிநாட்டு உறவுகளுக்கு மட்டுமில்லாமல் அடுத்த தெருக்காரர்களுக்கும் லிங்க் போனது. கட்டுப்பாடு போய்விட்டது, லிங்க் தங்கிவிட்டது.

லைவுக்காரரின் பாடு ஒரு கணக்கில் தொடங்குகிறது. ஃபுல் எச்டி படம் ஒன்றில் 1920-க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். நொடிக்கு 25 படம் என்றால் சுமார் 124 கோடி பிட். மண்டபத்து இணைப்பில் நிம்மதியாக மேலே ஏற்ற முடிவது நொடிக்கு 50 லட்சம் பிட் என்று வைத்துக்கொள்ளலாம். யானையை ஏறக்குறைய 250-ல் ஒரு பங்காகச் சுருக்கிப் பானைக்குள் அடைக்கும் வேலை இது.

அடைப்பது எச்.264 என்ற சுருக்கும் முறை. 2003-ல் வெளிவந்த இதுதான் இன்றும் பெரும்பாலான லைவுகளுக்குக் கைகொடுக்கிறது. இதன் தந்திரம் எளியது: மாறாததை மறுபடி அனுப்பாதே. படத்தை 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, முந்தைய படத்தோடு ஒப்பிடுகிறது. மேடைக்குப் பின்னால் இருக்கும் பூ அலங்காரம் அசையவில்லையா, ‘அப்படியே இருக்கிறது’ என்று ஒரு குறிப்பு போதும். புரோகிதரின் கை உயர்ந்ததா, ‘இந்தக் கட்டம் இத்தனை புள்ளி நகர்ந்தது’ என்று ஒரு குறிப்பு. முழுப் படம் இரண்டு நொடிக்கு ஒருமுறை போனால் போதும்.

மந்திரம் ஓதும் இரண்டு மணி நேரமும் இந்தத் தந்திரம் அழகாக நடக்கும். தாலி கட்டும் நொடியில்தான் சோதனை. நாலா பக்கமிருந்தும் மஞ்சள் அரிசியும் உதிரிப்பூவும் பறக்கின்றன. ஒவ்வோர் அரிசியும் தனி வழியில், தனி வேகத்தில் போகிறது. போட்டோக்காரரின் ஃபிளாஷ் அடிக்க, திரை முழுக்க வெளிச்சம் மாறுகிறது. ‘மாறாதது’ என்று சொல்ல ஒரு கட்டம்கூட மிஞ்சுவதில்லை. இருக்கும் பிட்டுகளைப் பங்குபோட முடியாமல் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. மூன்று மணி நேர ஒளிபரப்பும் எந்தக் காட்சிக்காக நடக்கிறதோ, இயந்திரத்துக்குக் கடினமான காட்சியும் அதுதான்.

இணையமும் அதே நொடியில்தான் காலை வாரும். மண்டபத்தில் உள்ள அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் படமெடுத்து, உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பக்கத்து டவர் திணறுகிறது. அதனால் அனுபவசாலிகள் ஒற்றை டாங்கிளை நம்புவதில்லை. ஃபைபர் கேபிள் இணைப்பு முதல் தேர்வு. இல்லையென்றால், வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு மூன்று சிம்களைச் சேர்த்து ஒரே பாதையாக்கும் பெட்டி. முதல் நாளே மண்டபத்துக்குப் போய் வேகம் பார்ப்பார்கள். பார்ப்பது டவுன்லோடை அல்ல, அப்லோடை. 50 லட்சம் பிட் கணக்கில் மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 ஜிபி செலவாகும்.

சத்தம் இன்னொரு தலைவலி. கேமராவின் சொந்த மைக்கை நம்பினால் கெட்டிமேளத்தில் தவில் கரகரவென்று உடையும், மந்திரம் காணாமல் போகும். புரோகிதரின் அங்கவஸ்திரத்தில் ஒரு காலர் மைக், வாத்தியக்காரர்களுக்குத் தள்ளி இன்னொன்று என்று வைத்து, அளவுக்கு மேல் எகிறாமல் அமுக்குகிறார்கள். இடையில் மண்டபத்து ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போட்டால் வேறு ஆபத்து உண்டு: யூடியூபின் தானியங்கிக் காப்புரிமைச் சோதனை, கல்யாணம் என்று பார்க்காமல் ஒளிபரப்பை நிறுத்திவிடலாம்.

யூடியூபில் வீட்டு விசேஷத்தை ஒளிபரப்ப இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ‘பிரைவேட்’ என்றால் அழைத்த மின்னஞ்சல்காரர்கள் மட்டும் பார்க்கலாம். ‘அன்லிஸ்டெட்’ என்றால் தேடலில் வராது, ஆனால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். பாட்டிமார்களுக்கு மின்னஞ்சல் கடவுச்சொல் நினைவிருக்காது என்பதால் பெரும்பாலான வீடுகள் இரண்டாவதையே எடுக்கின்றன. புதுச் சேனலில் லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அதை முகூர்த்தத்தன்று காலையில் கண்டுபிடிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

சுருக்கிய படம் லேப்டாப்பிலிருந்து யூடியூபுக்குப் போகும் பாதைக்கு ஆர்டிஎம்பி என்று பெயர். பிரவுசரில் வீடியோ ஓட்டிய ஃபிளாஷ் பிளேயருக்காக உருவானது; 2020 இறுதியோடு ஃபிளாஷின் கதை முடிந்தது, பாதை மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போன படம் சில நொடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. 2009-ல் ஆப்பிள் பரப்பிய முறை இது. பார்ப்பவரின் கருவி இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். நெட் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நிற்காமல் இருப்பது அந்தக் கையிருப்பால். அதற்கு விலை, 20 நொடியோ 30 நொடியோ தாமதம். வீடியோ காலில் இந்தத் தாமதம் இல்லை. ஆனால் நெட் தடுமாறினால் படம் உடனே மங்கும், நூற்றுக்கணக்கான பேரை அதில் உட்காரவைப்பதும் சிரமம்.

விரல் ஆடுகிறது. தவில் வெடிக்கிறது. டொரன்டோவில் சித்தியின் போன் அடிக்கிறது, மண்டபத்திலிருந்து அக்கா. “பார்த்தியா, தாலி கட்டியாச்சு!”

டிவியில் மாப்பிள்ளை இப்போதுதான் தாலியைக் கையில் வாங்குகிறார். சித்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அட்சதையோடு எழுந்து நிற்கிறார்.