கொண்டை ஊசி வளைவும் இணைகோடும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் பேருந்தில் சென்றவர்கள் அந்த மலைப்பாதையை எளிதில் மறக்கமாட்டார்கள். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலேயுள்ள சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள்! மலைமேல் 'நாடு' என்ற பெயருடைய ஊராட்சிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. அவ்வூர் மாணவி ஒருத்தி இந்தப் பாதையின் படத்தைக் கணினியில் வரைவதாக வைத்துக்கொள்வோம். பாதைக்கு இரண்டு ஓரங்கள் உண்டல்லவா? ஓர் ஓரத்தை வரைந்தாயிற்று. மற்றொன்றை எப்படி வரைவது?

'முதல் கோட்டை நகலெடுத்துச் சற்றுத் தள்ளி வைத்தால் போதுமே' என்று தோன்றும். போதாது. கோடு வடக்கு நோக்கிச் செல்லும் இடத்தில் நகலை 1 செ.மீ. கிழக்கே தள்ளினால் இடைவெளி 1 செ.மீ. கிடைக்கும். வடகிழக்காகச் செல்லும் இடத்தில் அது ஏறத்தாழ 0.7 செ.மீ.தான். கிழக்கு நோக்கிச் செல்லும் இடத்தில் நகல் மூலக்கோட்டின் மேலேயே விழுந்துவிடும். அங்கே பாதையே இராது!

நகலைப் பெரிதாக்கினால்? வட்டத்துக்கு அது பொருந்தும். நீள்வட்டத்துக்குப் பொருந்தாது. நீளவாட்டில் 10 செ.மீ., குறுக்கே 5 செ.மீ. அரை அச்சுகளுடைய நீள்வட்டத்தை 1.2 மடங்காக்கினால் அவை 12, 6 ஆகின்றன. ஒரு பக்கம் இடைவெளி 2 செ.மீ., மறுபக்கம் 1 செ.மீ.

அப்படியானால் இணைகோடு என்பது என்ன? மூலக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் அதற்குச் செங்குத்தாக ஒரே தூரம் அளந்து, கிடைக்கும் புள்ளிகளைச் சேர்த்தால் வருவதே இணைகோடு. இத்தகைய வளைவுகளை ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1690-களிலேயே ஆராய்ந்தார்.

இதைக் கணினியின்றியும் காணலாம். தடித்த அட்டையில் ஒரு வளைவை வெட்டிக்கொள்ளுங்கள். 2 செ.மீ. ஆரமுள்ள வட்டத் தகட்டின் மையத்தில் துளையிட்டுப் பென்சிலைச் செருகுங்கள். தகட்டை அட்டையின் ஓரமாக உருட்டினால் பென்சில் வரைவது இணைகோடு. அட்டையில் 2 செ.மீ.க்கும் குறைந்த ஆரமுள்ள குழிவு இருந்தால் என்ன ஆகும்? தகடு அதனுள் முழுமையாக நுழையாது; அவ்விடத்தில் பென்சில் கோடு கூர்முனையாக மடங்கும்.

கணினிக்கும் இதே சங்கடம் உண்டு. வளைவின் ஆரம் ஆர் என்றும் இடைவெளி டி என்றும் கொண்டால், உட்புற இணைகோட்டின் ஆரம் ஆர் - டி. டி சிறிதாக இருக்கும்வரை தொல்லையில்லை. இரண்டும் சமமானால் வளைவு முழுவதும் ஒரு புள்ளியாகச் சுருங்கும். டி மேலும் பெரிதானால் கோடு திரும்பி, தன்னையே வெட்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அந்த முடிச்சை மென்பொருள் கண்டுபிடித்து நறுக்கி எறியவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெக்டர் வரைகலையில் வளைவுகள் பெரும்பாலும் பெசியே வளைவுகளாகவே சேமிக்கப்படுகின்றன. ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே 1960-களில் இவற்றைப் பரவலாக்கினார். ஆனால் பெசியே வளைவின் இணைகோடு பொதுவாகப் பெசியே வளைவாக அமைவதில்லை. செங்குத்துத் தூரத்தைக் கணக்கிடும்போது வர்க்கமூலம் நுழைந்துவிடுவதே காரணம். எனவே மென்பொருள் பல சிறு வளைவுகளை ஒட்டவைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமான விடையைத் தருகிறது.

இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் மூடிய வடிவங்களை உள்ளே சுருக்க 'இன்செட்', வெளியே விரிக்க 'அவுட்செட்' என்ற கட்டளைகள் உள்ளன. பாதை போன்ற திறந்த கோட்டுக்கு வேறு வழி எளிது. பாதையின் நடுக்கோட்டை மட்டும் வரையுங்கள். அதற்கு 12 மி.மீ. தடிமனில் கறுப்பு நிறம் கொடுங்கள். அதே கோட்டின் நகலை அதே இடத்தில், மேலே, 10 மி.மீ. வெள்ளையாக வையுங்கள். இருபுறமும் 1 மி.மீ. கறுப்பு ஓரத்துடன் பாதை தயார்!

இணைகோடுகளில் ஒரு வியப்பும் ஒளிந்திருக்கிறது. 7 மீட்டர் அகலப் பாதை அரைவட்டமாகத் திரும்பினால் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 3.14 × 7, அதாவது சுமார் 22 மீட்டர் நீளம். வளைவின் ஆரம் 15 மீட்டரானாலும் 30 மீட்டரானாலும் இந்த வேறுபாடு மாறாது! இடப்புறம் ஒரு வளைவும் வலப்புறம் ஒரு வளைவும் வந்தால் இவ்வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஓட்டப்பந்தயத் திடலில் எல்லாரும் ஒரே பக்கம் திரும்புவதால் ஈடாவதில்லை. ஆகவேதான் 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் தடத்தில் ஓடுபவர் 7.04 மீட்டர் முன்னே நிறுத்தப்படுகிறார்.

இனி ஓர் எச்சரிக்கை. நிலப்படத்திலுள்ள சமஉயரக் கோடுகளும் ஒன்றையொன்று தொடர்ந்து வளைவதால், அவையும் இணைகோடுகளே என்று நினைத்துவிடக்கூடாது. அவற்றிடையே மாறாதிருப்பது உயர வேறுபாடு, தூரமன்று. 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் 1 மீட்டர் உயர வேறுபாடுள்ள இரு கோடுகள் 10 மீட்டர் விலகியிருக்கும். 5 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் செங்குத்தான சரிவில் 5 மீட்டர்தான் விலகியிருக்கும். சாமையும் கேழ்வரகும் விளையும் மலைச்சரிவில், கீழ் வரப்புக்கு எங்கும் 10 மீட்டர் தள்ளி இணையாக மேல் வரப்பு போட்டால், அது சில இடத்தில் 1 மீட்டரும் சில இடத்தில் 2 மீட்டரும் உயர்ந்து நிற்கும். மழைநீர் அந்த வரப்போரமாக ஓடித் தாழ்ந்த இடத்தில் சேரும்; அங்கே வரப்பை உடைத்து மண்ணையும் வாரிச் செல்லும். எனவே பாதைக்கு இணைகோடு. வரப்புக்குச் சமஉயரக் கோடு.

மாணவர்களே, ஒரு சோதனை. குழிவு இல்லாத எந்த அட்டை வடிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 2 செ.மீ. தகட்டை அதைச் சுற்றி உருட்டிக் கோடு வரையுங்கள். அட்டையின் சுற்றளவையும் கோட்டின் நீளத்தையும் நூலால் அளந்து கழியுங்கள். வடிவம் எதுவாயினும் விடை 12.6 செ.மீ.க்கு அருகில் வரும். ஏன் என்று சிந்தியுங்கள்.