குதிரை வாங்கலாம், கொள்ளு யார் போடுவது? - பழைய சொகுசுக் கார் வாங்க நினைக்கும் வணிகர்களுக்கு

செஞ்சிக்கு வரும் வெளியூர் வணிக நண்பர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நம் கோட்டை இடம்பெற்ற பிறகு, இப்படி வருவோர் கூடியிருக்கிறார்கள். கல்யாண மகாலை அடுத்துள்ள குதிரை லாயங்களைக் கண்டதும் எல்லோரும் தேசிங்கு ராஜாவைப் பற்றிக் கேட்பார்கள். டில்லியில் எவராலும் ஏற முடியாத குதிரையை அடக்கி வென்ற கதையை நாமும் சலிக்காமல் சொல்வோம். ஆனால் அந்தக் குதிரைக்குத் தினமும் கொள்ளு போட்டது யார், அதற்கு எவ்வளவு செலவானது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வணிகனுக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி அதுதான்.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் இளைய வணிகர்களிடம் ஒரு புது ஆசை பரவி வருகிறது. அறுபது லட்சம் ரூபாய்க்கு விற்ற ஜெர்மன் கார், பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு ஓடியபின் பத்து லட்சத்துக்கு வருகிறது. அதிலும் ‘கூப்பே’ என்னும் இரண்டு கதவு வண்டிக்கு மவுசு அதிகம். ‘வெட்டப்பட்டது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. கூரை தாழ்ந்து, பின்புறம் சரிந்து, பார்க்க அழகாகத்தான் இருக்கும். புது மாருதி வாங்கும் பணத்தில் இது கிடைக்கிறதே என்று மனம் துள்ளும். ஆசைப்படுவது குற்றமல்ல. சரக்கைப் பார்த்து வாங்கத் தெரிந்த நாம், காரை மட்டும் பார்க்காமல் வாங்குவதுதான் குற்றம்.

நாம் பட்ட அடி

2016-இல் நாமே இப்படி ஏமாந்தோம். சென்னையில் ஒரு தரகர் மூலம் பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கினோம். வண்டி பளபளவென்று இருந்தது. விலையும் சந்தை விலையைவிட இரண்டு லட்சம் குறைவு. ஏன் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி அது என்பது மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. முதலில் கண்ணாடி இறங்கவில்லை. பிறகு கியர் மாறவில்லை. பிறகு நடுச்சாலையில் நின்றது. ஏழு மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு ரொக்கம் கொடுத்து எண்ணெயும் பருப்பும் எடுக்க வைத்திருந்த பணம் அதில் போயிற்று. கடனுக்குச் சரக்கு எடுத்தோம்; வட்டி லாபத்தைத் தின்றது. நாற்பது ஆண்டில் கடனுக்கு எடுத்துத் தீபாவளி செய்தது அந்த ஒரு வருடம்தான்.

அப்போது கற்ற பாடம் ஒன்றே. வண்டியின் விலை வயதோடு இறங்கும். அதன் உதிரி பாகத்தின் விலை இறங்காது. பத்து லட்சத்துக்கு வாங்கினாலும், அது கேட்கும் பாகம் அறுபது லட்ச ரூபாய் வண்டியின் பாகம்தான்.

மைத்துனர் மகன் கொண்டு வந்த வண்டி

2025 தை மாதத்தில் நம் மைத்துனர் மகன் வந்தார். மளிகைக் கடை நன்றாக நடத்துகிறார். புதுச்சேரியில் 2012 மாடல் கூப்பே ஒன்று, ஒன்பதரை லட்சம் சொல்கிறார்கள் என்றார். “மாமா, நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். வேறொருவர் அட்வான்ஸ் கொடுக்கக் காத்திருக்கிறாராம்” என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது. மண்டியில் இந்த வசனத்தை எத்தனை முறை நாமே சொல்லியிருக்கிறோம்!

“மாப்பிள்ளை, நீ அரிசி மூட்டை வாங்கும்போது என்ன செய்வாய்?” என்று கேட்டோம்.

“குத்தூசி போட்டு நடு மூட்டையிலிருந்து எடுத்துப் பார்ப்பேன்.”

“காருக்கும் அதையே செய்வோம், வா” என்று நமக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

மெக்கானிக் செய்த முதல் காரியம், ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்ததுதான். வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த கடைசி இரண்டடியில் செம்மண் கோடு. அடுத்து டிக்கியில் ஸ்டெப்னிக் குழியைத் திறந்தார். போல்ட்டுகளைச் சுற்றிப் பொடி மண். தரை விரிப்பைத் தூக்கினால் ஈர நெடி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டோம். இந்த வண்டியும் அந்த மழையை மறக்கவில்லை. டீ கூடக் குடிக்காமல் திரும்பினோம். அடுத்த ஐந்து மாதத்தில் மேலும் மூன்று வண்டிகள் பார்த்தோம். அவற்றில் நாம் பார்த்த முறையை வரிசையாகத் தருகிறோம்.

குத்தூசி போடும் இடங்கள்

1. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். வண்டி பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் டைமிங் செயின் தளர்ந்த கடகட சத்தம் கேட்கும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. இனிப்பு நெடியோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

2. கதவும் கண்ணாடியும். கூப்பேயின் கதவு நீளம், ஆகவே கனம். திறந்து, நுனியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. பல கூப்பேக்களில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கதவைத் திறந்ததும் கண்ணாடி தானாகச் சற்றே இறங்கி, மூடியதும் ஏறி ரப்பரில் உட்கார வேண்டும். அது நடக்கவில்லை என்றால் மழைக்காலத்தில் இருக்கை நனையும்.

3. பெயிண்ட். நான்கு பக்கமும் தகடுகளுக்கு இடையிலுள்ள சந்து ஒரே அளவாக இருக்கிறதா? கதவு ரப்பருக்கு அடியில் வேறு நிறம் தெரிகிறதா? பானெட் போல்ட்டின் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா? இவை அடிபட்ட வண்டியைக் காட்டிக்கொடுக்கும்.

4. டயர். டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறேழு ஆண்டு ஆன டயர் பழைய சரக்குதான். நான்கும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

5. கியர். ஆட்டோமேட்டிக் கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது உதறக் கூடாது. இரட்டை கிளட்ச் கியர்ப் பெட்டிகளில் பலவற்றுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். மாற்றியதற்குப் பில் கேளுங்கள். ‘வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம்’ என்பார்கள். யாருடைய வாழ்நாள் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

6. எச்சரிக்கை விளக்குகள். சாவி போட்டதும் ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். ஸ்கேனர் கருவியைக் கட்டாயம் பொருத்திப் பாருங்கள். பழுதுக் குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருந்தாலும் நல்ல கருவி காட்டிவிடும்.

7. கிலோமீட்டர். மீட்டர் 45,000 காட்டலாம். ஸ்டியரிங் தோல் வழவழப்பாகி, பிரேக் மிதி ரப்பர் தேய்ந்து, இருக்கையின் ஓரம் கிழிந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் ஏறுவரிசையில் வருகிறதா என்று பேரேடு பார்ப்பது போலப் பாருங்கள்.

8. ஓட்டிப் பார்த்தல். தெருமுனை வரை ஓட்டினால் போதாது. நம் பக்கத்தில் என்றால் திண்டிவனம் சாலையில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஏ.சி. போட்டு, நெரிசலில் நிறுத்தி, வெப்பமானி ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்த வண்டிக்கு நம் ஊர்த் தெருக்கள் பெரிய சோதனை.

காகிதம் சரியா?

சரக்கு நன்றாக இருந்து பில் இல்லையென்றால் நாம் இறக்குவோமா? ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போக வேண்டும். பரிவாகன் தளத்தில் கடன் பதிவு, இன்ஷூரன்ஸ், செலான் விவரங்களைப் பாருங்கள். கடன் பதிவு இருந்தால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

புதுச்சேரி எண் கொண்ட சொகுசு வண்டிகள் நம் பகுதிக்கு நிறைய வருகின்றன. அங்கே வரி குறைவு. மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவு செய்தாக வேண்டும். அதற்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்றபடி தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். விலை பேசும் முன் இந்தத் தொகையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுதான். பிறகு தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் மேலும் உயர்த்திவிட்டார்கள். கூப்பேக்களில் பல, முழுதாக இறக்குமதியானவை என்பதை நினைவில் வையுங்கள்.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். உங்கள் பழைய வண்டியை விற்பதாக இருந்தாலும் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். விற்ற பிறகும் ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால், விபத்து இழப்பீட்டுக்கு நீங்களே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைக் கணக்கில் எழுதலாமா?

பலர் கேட்கும் கேள்வி இது. மளிகை வியாபாரி வாங்கும் காருக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. கடைப் பெயரில் வாங்கித் தேய்மானம் எழுதினால், பிறகு விற்கும்போது தேய்மானம் போக நின்ற மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய கார்களுக்கும் இதே விகிதம். பதிவு பெறாத தனிநபர் தன் சொந்த வண்டியை விற்பதற்கு இந்த வரி இல்லை. எது உங்களுக்கு ஏற்றது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வரியைவிட முக்கியம் முதல். பண்டிகைச் சரக்குக்கு வைத்த பணம், ஓ.டி. பணம், கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் ஆகியவற்றை இதில் தொடக் கூடாது. வீட்டுக்கென்று ஒதுக்கிய லாபத்தில் வாங்குங்கள். வாங்கும் விலையில் நான்கில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். அதுதான் கொள்ளுப் பணம். செஞ்சியில் வண்டி நின்றால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ வேறு வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று?

மருமகன் அந்த ஆண்டு ஆனியில் ஒரு வண்டி வாங்கினார். ஒரே உரிமையாளர், எல்லாச் சர்வீஸ் பில்லும் கையில். டயருக்கும் பிரேக்குக்கும் கழித்து எட்டே முக்கால் லட்சத்துக்கு முடிந்தது. கொள்ளுப் பணமாக இரண்டேகால் லட்சம் தனியே வைத்தார். ஆறே மாதத்தில் சஸ்பென்ஷனும் தண்ணீர் பம்பும் தொண்ணூறாயிரத்தைக் கொண்டுபோயின. அவர் கலங்கவில்லை, பணம் தயாராக இருந்தது. அந்தத் தீபாவளிக்குக் கடைச் சரக்கும் ரொக்கத்துக்கே இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டி நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நம் வயதுக்கு அதில் குனிந்து ஏறுவதும் சிரமம், இறங்குவதும் சிரமம். இருந்தாலும் ஏறிக்கொள்கிறோம். தேசிங்கு ராஜாவுக்கு ஏன் அந்தக் குதிரை மேல் அத்தனை ஆசை என்பது கொஞ்சம் புரிகிறது.