வோல்ட்டைக் கேட்டீர்கள், ஹெர்ட்ஸைக் கேட்டீர்களா?

அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள், கன்டெய்னரில் சாமான் ஏற்றுமுன் வோல்ட் கணக்கைச் சரியாகப் பார்த்துவிடுகிறார்கள். அங்கே 120, இங்கே 230. ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினால் போயிற்று என்று முடிவாகிவிடுகிறது. அந்தப் பெட்டி வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது.

அங்கே மின்சாரம் நொடிக்கு 60 முறை அலையடிக்கிறது, இங்கே 50. பத்துதானே வித்தியாசம்? மின் அலைகளை எண்ணியே மணி காட்டும் பழைய அமெரிக்கக் கடிகாரத்தை இங்கே மாட்டினால் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். ஒரு நாளில் 4 மணி நேரம்!

கடிகாரமென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கனமான டிரான்ஸ்பார்மர் வைத்த மைக்ரோவேவ் அடுப்பு அப்படியல்ல. அரை அலை அங்கே சுமார் 8.3 மில்லி நொடி, இங்கே 10. வோல்ட் மாறாவிட்டாலும், ஒரே திசையில் தள்ளும் நேரம் நீள்வதால் உள்ளே இருக்கும் இரும்பில் காந்தப்புலம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏறப்பார்க்கும். 60 ஹெர்ட்ஸுக்கென்றே அளவாகச் செய்த இரும்பு அதைத் தாங்காது. காயிலில் கரண்ட் எகிறும், உறுமும், சூடேறும். 120க்குப் பதில் 100 வோல்ட் கொடுத்தால் இரும்பு தப்பிக்கும், சமையல்தான் மந்தமாகும்.

ஜப்பான் இந்தத் தலைவலியை நாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. 1890களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கின. இன்றும் கிழக்கே 50, மேற்கே 60. வோல்ட் மட்டும் இரு பக்கமும் 100. 2011 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் மின்சாரம் பற்றாமல் போனபோது, ஹெர்ட்ஸ் மாற்றும் நிலையங்கள் சிறியவை என்பதால் மேற்கிலிருந்து வேண்டிய அளவு அனுப்ப முடியவில்லை.

"அமெரிக்க மிக்ஸி நல்லாத்தானே ஓடுது" என்பார்கள் கடைக்காரர்கள். கார்பன் பிரஷ் மோட்டாருக்கு அது உண்மை. போன் சார்ஜருக்கும் பயமில்லை. வந்த மின்சாரத்தை முதலில் டிசி ஆக்கி, பிறகு தன் வசதிக்கு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிக்கொள்கிறது. அதன் முதுகில் '50/60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பது அதனால்தான். இந்த இரண்டையும் காட்டியே மற்ற எல்லாவற்றுக்கும் பெட்டியை விற்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். பெட்டியின் மேல் வாட்ஸும் வோல்ட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும், ஹெர்ட்ஸைத் தேட வேண்டும். அடுப்பின் லேபிளில் 60 மட்டும் போட்டிருந்தால், கப்பல் கூலி கொடுக்காமல் அங்கேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவது லாபம்.