இராவணேசனை ஆக்கியோர்

முத்தமிழென வகுத்த நம் முன்னோர் நாடகத்தை மூன்றாவதாக வைத்தமை அதன் சிறுமை கருதியன்று; இயலும் இசையும் கூடியவிடத்தே அது பிறத்தலினாலென்க. ஆதலின் இசையோடு கூடிய நாடகமொன்றினை ஆக்கியோன் யாவன் என வினவுவார்க்கு ஒரு பெயரை மட்டும் விடையாகக் கூறுதல் அரிது. பாட்டெழுதியவர், ஆட்டம் பழக்கியவர், ஒழுங்கு செய்தவர், கண்விழித்து ஆடிய இளைஞர் எனப் பலர் அவ்வாக்கத்திற் பங்குடையர். எனினும் காலஞ்செல்லச் செல்ல அப்பலருட் சிலரே நினைக்கப்படுகின்றனர். இவ்வுண்மையை நம் நாட்டு மாணவ நாடகமொன்றினை எடுத்துக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது மேல்நாட்டுச் செய்தியொன்று. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக மாணவராயிருந்த டோபி மார்லோ, லூசி மொஸ் என்னும் இருவர், இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவரைப் பற்றி ‘சிக்ஸ்’ என்னும் இசை நாடகமொன்றினை எழுதினர். 2017-ஆம் ஆண்டு எடின்பரோ விழாவிலே மாணவராலே நடிக்கப்பட்ட அந்நாடகம் பின்னர் இலண்டனையும் நியூயோர்க்கையும் அடைந்து, 2022-இல் இசைக்கான டோனி விருதினையும் பெற்றது. இதனை வகுப்பிற் கூறியபோது, “தமிழில் மாணவர் இவ்வாறு எழுதியதுண்டா, சேர்?” என ஒரு மாணவன் வினவினான். உண்டு என்றேன். ஆயின் அம்மாணவன் ‘இராவணேசன்’ என்னும் பெயரையே கேட்டிலன். வெள்ளவத்தையிற் பிறந்து வளர்ந்த பிள்ளை கூத்துக் களரியைக் காணாதிருத்தல் வியப்பன்று. அதனைக் கற்பிக்கும் நாமும் கூறாதிருத்தலே குறை.

இராவணேசன் தோன்றிய சூழலை முதற்கண் நோக்குவாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எதிரிவீர சரச்சந்திரரின் ‘மனமே’ கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறிற்று. சிங்கள நாடகம் தன் பழைய நாடகம மரபிற் காலூன்றி நிமிர்ந்தது அன்றேயாம். அந்நாடகம மரபோ தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. ஆங்கே சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்னும் மரபுக் கலைஞர் இசையும் ஆட்டமும் பழக்க, பல்கலைக்கழகத்தார் நடித்தனர். இதனை அருகிருந்து கண்டவர் பேராதனையிலே தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் அவர்கள். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கியவரும் இவரே. அண்டை வீட்டார் நம் வீட்டு விளக்கினின்று திரி கொளுத்திச் சென்று ஒளிபெற, நம் வீடு இருண்டு கிடப்பதா என்னும் எண்ணம் அவர்க்கு எழுந்திருத்தல் வேண்டும். 1962-இல் ‘கர்ணன் போர்’, 1963-இல் ‘நொண்டி நாடகம்’, 1964-இல் ‘இராவணேசன்’ என ஆண்டுக்கொன்றாகப் பேராதனை மாணவரைக் கொண்டு அவர் கூத்துக்களை மேடையேற்றினார்.

இவற்றுள் முன்னைய இரண்டும் பழைய கூத்தேடுகளைத் தழுவியவை. இராவணேசன் அவ்வாறன்று; மேடைக்கெனவே புதிதாக எழுதப்பட்டது. எழுதியவர் அப்பொழுது அங்கே மாணவராயிருந்த சி. மௌனகுரு. இருபது அகவையைச் சற்றே கடந்த இளைஞர். மட்டக்களப்பின் அமிர்தகழியிற் பிறந்தவர். கர்ணன் போரிலே கர்ணனாக ஆடியவரும், தாம் எழுதிய கூத்திலே இராவணனாக ஆடியவரும் அவரே. எழுதியவனும் ஆடியவனும் ஒருவனாயிருந்தமை தற்செயலான செய்தியன்று. அந்நாடகத்தின் வலிமையே அதிலேதான் இருந்ததென யான் கருதுகின்றேன். ஏனெனிற் கூறுவேன்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். இராவணேசன் வடமோடி. வடமோடியிலே ஒரு பாட்டு, பாட்டாக மட்டும் நிற்பதில்லை. கூத்தன் ஓரடியைப் பாட, அண்ணாவியாரும் சபையோரும் அதனை மீட்டுப் பாட, அவ்விடைவெளியிலே மத்தளம் தாளக்கட்டினை முழக்க, கூத்தன் அதற்கேற்ப ஆடுவான். வீசாணம், எட்டு, பொடியடி என ஆட்டக் கோலங்கள் பல. சினங்கொண்ட அரசனின் வரவுக்குரிய தாளம் வேறு. அரசியின் வரவுக்குரியது வேறு. எனவே கூத்துக்குப் பாட்டெழுதுவோன் யாப்பிலக்கணம் கற்றிருத்தல் மட்டும் போதாது. சீர் பிழையாத வெண்பா எழுதவல்ல புலவனும், காலாற் பயிலாதவனாயின், கூத்தன் ஆடமாட்டாத அடியொன்றை எழுதிவிடுவான். மௌனகுருவோ தாம் எழுதிய ஒவ்வோரடியையும் தம் காலாலே அளந்து பார்க்க வல்லவராயிருந்தார்.

அவர்க்கு அக்காலைக் கொடுத்தவர் யார்? ஊர்க் களரியும் அண்ணாவிமாருமே. பேராதனை மாணவருக்குக் கூத்துப் பழக்கியவருள் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பெயர் முதற்கண் கூறத்தக்கது. ஊரிலே கூத்துப் பழகுதல் சில மாத வேலை. நல்ல நாளிலே ஒவ்வொருவர்க்கும் உரிய பாட்டுக்களைக் கையளிப்பதனைச் சட்டங்கொடுத்தல் என்பர். பின்னர்ச் சலங்கை கட்டல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என முறையே நடந்து அரங்கேற்றத்தில் முடியும். வட்டக் களரியின் நடுவே அண்ணாவியார் நிற்க, சுற்றிலும் ஊரார் அமர்ந்து விடியவிடியப் பார்ப்பர். இத்துணையும் அறிந்த ஓர் ஆசான் பல்கலைக்கழகத்துக்கு வந்து, விரிவுரைக்கும் பரீட்சைக்கும் இடையே கிடைத்த மாலைப்பொழுதுகளில் மாணவரைப் பழக்குவதெனின், அவர் பட்ட பாட்டினை ஒருவாறு ஊகிக்கலாம். நான் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன். பேராதனையில் இருந்து கற்கும் பேறு எனக்கு வாய்த்திலது. ஆயினும் மாலை ஆறு மணிக்குப் பின் பிள்ளைகளை ஒத்திகைக்கு நிறுத்துதல் எத்தகையதென்பதனை இருபதாண்டு ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்துள்ளது.

இனி வித்தியானந்தன் செய்தது யாது? விடியும்வரை நிகழ்வதனை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கினார். மீட்டு மீட்டுப் பாடுதலைக் குறைத்தார். நான்கு புறமும் நோக்கி ஆடியவர்களை ஒருபுறம் அமர்ந்த அவையினரை நோக்கி ஆடச் செய்தார். களரி நடுவிலிருந்த அண்ணாவியாரும் சபையோரும் மேடையின் ஒரு பக்கத்தே அமர்த்தப்பட்டனர். ஊரிலே ஆடவரே பெண் வேடம் பூண, இங்கே மாணவியரும் ஆடினர். ஆட்டத் திறமையோடு பாத்திரத்தின் உணர்ச்சியும் முகத்திலும் மெய்யிலும் தோன்றுதல் வேண்டுமென வற்புறுத்தினார். நகரத்தார் கூத்தினைக் கலையென ஏற்றமைக்கு இம்மாற்றங்களே காரணம். அவற்றால் இழந்தனவும் உள. கூத்தனுக்கும் ஊரானுக்குமிடையே இரவு முழுவதும் வளரும் உறவு ஒன்றரை மணி நேரத்தில் வளர்வதில்லை. எனினும் அன்று அவ்வாறு குறுக்காதிருந்தால், கொழும்பிலே பத்துப் பேர்தாமும் அதனை முழுமையாக இருந்து பார்த்திருப்பரோ என்பது ஐயமே.

இராவணன் கதை வரலாறாகுமோ என வினவுவாருமுளர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1956-இல் வெளியிட்ட ‘சங்கிலி’ போன்றது வரலாற்று நாடகம். இராவணேசன் காப்பியக் கதையே. ஆயின் கதை பழையதேனும் நோக்குப் புதியது. 1946-இல் புலவர் குழந்தை ‘இராவண காவியம்’ பாடிய பின்னர், இலங்கை வேந்தனை அரக்கனாக அன்றி வீழும் வீரனாகக் காணும் நோக்குத் தமிழ் இளைஞரிடையே பரவியிருந்தது. கம்பனும் அவன் வீரத்தை மறைத்திலன். சுற்றமும் மக்களும் மாண்ட பின்னும் பணியாது களம் புகும் வேந்தனுக்கு வடமோடியின் போராட்டம் போற் பொருந்துவது வேறொன்றில்லை.

ஈண்டு என் பிழையொன்றையும் கூறிவிடுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலையொன்றிலே மாணவரைக் கொண்டு கூத்துப் பாங்கிலே சிறு நாடகமொன்று தயாரித்தோம். மட்டக்களப்பினின்று கொட்டாஞ்சேனைக்கு வந்து உறவினர் வீட்டிலே தங்கிய முதியவர் ஒருவர் மூன்று வாரம் மத்தளம் அடித்துப் பிள்ளைகளுக்குத் தாளம் பழக்கினார். நிகழ்ச்சித் தாளிலே அதிபர் பெயர், பொறுப்பாசிரியர் பெயர், நடிகர் பெயர், ஒலிபெருக்கி உதவியவர் பெயர் யாவும் இடம்பெற்றன. அவர் பெயர் இல்லை. அத்தாளை எழுதியவன் யானே. அவர் ஒன்றும் சொல்லாது தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின், எந்நாடகத்தின் வரலாற்றைப் படிப்பினும், மத்தளம் அடித்தவர் பெயரையே என் கண் முதலில் தேடுகின்றது.

பேராதனையில் 1968-இல் ‘வாலிவதை’யும் மேடையேறிற்று. வடமோடி ஆட்டத்தைச் சமுதாயப் பொருளுக்கு ஏற்றுச் ‘சங்காரம்’ எழுதிய மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூலும் வெளியிட்டு, கிழக்குப் பல்கலைக்கழகத்திலே நுண்கலைப் பேராசிரியராயினார். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே மட்டக்களப்பு மாணவரைக் கொண்டு அவர் இராவணேசனை மீண்டும் ஆடுவித்தார். அன்று இருபது வயதிலே இராவணனாக ஆடியவர் இம்முறை நெறியாளராக நிற்க, அவர் எழுதிய அடிகளுக்குப் புதிய இளைஞர் கால் பெயர்த்தனர். மத்தளக்காரர் தாளக்கட்டினைத் தொடங்கினார்.